விமான லேண்டிங் கியர் (சக்கரக் கால்) பங்கி வளையம் மாற்றியவர்கள் யாராவது?

வணக்கம். ஓமலூர் பக்கம் நண்பர் ஒருவரின் பழைய பைப்பர் கப் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிற்கும்போதே இடது இறக்கை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. சக்கரக் காலின் உறையைக் கழற்றினால், இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் வளையமான பங்கி (bungee) வளையத்தின் பருத்திப் பின்னல் நைந்து, ரப்பர் இழைகள் பிதுங்கி நிற்கின்றன. தயாரித்த ஆண்டையும் காலாண்டையும் பின்னலில் ஓடும் வண்ண நூல்கள்தான் சொல்லும். கிரீஸில் ஊறி எல்லாம் ஒரே கறுப்பு!

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றப்போகிறேன். புது வளையங்கள் கையில் இருக்கின்றன, ஏற்றுவதுதான் பாடு. போன வாரம் கடப்பாரையால் நெம்பியதில் அது நழுவி, உதவிக்கு வந்த தம்பியின் முழங்கையைப் பதம் பார்த்துவிட்டது. வளையத்தை விரித்துப் பிடிக்கும் திருகுக் கருவி யாரிடமாவது உண்டா? அளவுகளோடு வரைபடம் கிடைத்தாலும் சரி, சேலத்திலேயே லேத்தில் கடைந்துகொள்கிறேன்.

அப்புறம், பைக்கில் மூட்டை கட்டும் ரப்பர் கயிறு போதுமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.