சாம்பலில் எழுந்த அமோனியா மணம்

மகனீசியம் நாடா எரிவதைப் பார்த்தவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைத்தான் சொல்கிறார்கள். என் மனதில் நிற்பது சாம்பல்.

உப்புவெளியில் சாதாரண தர மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். திருகோணமலைக் கடற்காற்றில் நாடா நெடுநாள் மின்னாது. ஈரம் பட்டு மங்கிவிடும். அதனால் தீக்கு முன்பு பிள்ளைகளின் கையில் அரத்தாளைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்வேன். ஒட்சைட்டுப் படலம் உரிந்து உள்ளே வெள்ளிநிறம் தெரியும்போது, காற்று தன் வேலையை எப்போதோ தொடங்கிவிட்டது என்பது அவர்களுக்கே விளங்கும்.

எரியும்போது சுடரை நேரே பார்க்க விடமாட்டேன். அதில் புற ஊதாக் கதிரும் உண்டு. எரிந்தபின் நாடாவின் வடிவிலேயே வெள்ளைத் தூள் நிற்கும், தொட்டால் உதிரும். எரிந்தால் பாரம் குறையும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். விறகடுப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? 2.4 கிராம் மகனீசியம் 1.6 கிராம் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு 4 கிராம் மகனீசியம் ஒட்சைட்டு ஆகவேண்டும். சூட்டைத் தாங்கும் சிறு கிண்ணமான புடக்குகையில் மூடியிட்டுச் சூடாக்கி நிறுத்தால் பாரம் கூடுகிறது, ஆனால் கணக்கை எட்டுவதில்லை. புகையாய்ப் போனது கொஞ்சம் என்றேன். ஒரு மாணவி விடவில்லை: "ரீச்சர், காற்றில் நைதரசன்தானே கூட? அது சும்மாவா இருக்கும்?"

எத்தனை நல்ல கேள்வி! புடக்குகை ஆறியதும் சாம்பலில் சில துளி நீர் விட்டு இளஞ்சூடாக்கினோம். மேலே பிடித்த, அமோனியா போன்ற காரத்தைக் காட்டித்தரும் ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) ஓரத்திலிருந்து மெல்ல நீலமானது. கையால் விசிறி முகர்ந்தவர்களுக்கு அமோனியாவின் காரம் மூக்கில் ஏறியது. ஒட்சிசன் போதாத இடத்தில் மகனீசியம் நைதரசனையும் பிடித்து நைத்திரைட்டு ஆகிறது. நீர் பட்டதும் அது அமோனியாவை விடுகிறது. அதே அளவு உலோகத்துக்கு நைத்திரைட்டின் பாரம் ஒட்சைட்டை விடக் குறைவு. கணக்கு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று. எரியும் மகனீசியத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஐதரசன் கிளம்பித் தீ மூளும். காபனீரொட்சைட்டுக்குள்ளும் அது எரியும், கரும்புள்ளியாய்க் காபனை விட்டுவிட்டு. அருகில் உலர்ந்த மணல் வாளி வையுங்கள். கடற்கரையில் அள்ளிய ஈரமணல் ஆகாது.