அம்மாவை இல்லத்தில் சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

அம்மாவுக்கு 76 வயது. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். திருச்சி பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்தேன். கட்டிலருகே அழைப்பு மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. ஒயர் அறுந்து சுவரில் தொங்கியது. மனசே ஆறவில்லை. வேறு இடத்தில் என்ன கேட்க வேண்டும்? அரசு உதவி உண்டா?

பதில் 1:
தம்பி, 22 வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அப்புறம் ராத்திரி 9 மணிக்கு மேல் ஒரு தடவை போய்ப் பாருங்கள், எத்தனை பேர் டியூட்டியில் என்று. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் குதிகாலைக் கவனியுங்கள். சிவந்து கன்றிப்போயிருந்தால், நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைப்பதில்லை. அங்கே சேர்க்காதீர்கள்.

பதில் 2:
70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் பாரத் அட்டை (மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) 2024 அக்டோபர் முதல் கிடைக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்குக் கிடைக்கும். ஆதார் வைத்துப் பதியலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும், இல்லக் கட்டணத்துக்கு வராது. விவரத்துக்கு 14567, முதியோர் உதவி எண்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. குதிகால் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று அம்மாவுக்குப் பார்த்தேன், இடது காலில் லேசாகச் சிவந்திருக்கிறது. இப்போதே தலையணை வைத்துத் தூக்கி வைத்திருக்கிறேன்.

பதில் 1:
தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், குதிகால் எதிலும் படக்கூடாது. நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.