சாஸ்தா கோயிலில் கேட்ட ஒரு கேள்வி: பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துப் போகலாமா?

முக்கூடல் மளிகைக்கடைக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான்கு நாளாகக் கடையில் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் தம்பியும் அவன் மனைவியும் ஒரு பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். எட்டு மாதக் கைக்குழந்தையாக வந்தவளுக்கு இப்போது பதினோரு வயது. இதுவரை அவளிடம் சொன்னதில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு எங்கள் குலசாமியான சாஸ்தாவின் கோயிலுக்குப் போனோம். பொங்கலை இறக்கி இலையில் வைக்கும்போது சொக்காரர் (பங்காளி) வீட்டு ஆச்சி ஒருத்தி, "இவள் எடுத்து வளர்க்கிற பிள்ளைதானே, இவளுக்கு எந்தச் சாஸ்தாவோ?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட மனதோடு கேட்கவில்லை. உத்திரத்தன்று யாரைப் பார்த்தாலும் நம் பக்கத்தில் அதுதானே முதல் கேள்வி. ஆனால் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. இலையை அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களுக்கு அடியில் இரண்டு பாவாடை சட்டை, பல் விளக்கும் பிரஷ், கோயிலில் நான் கொடுத்த ஐம்பது ரூபாய்த் தாள் எல்லாவற்றையும் மடித்து வைத்திருக்கிறாள். தம்பி மனைவி தற்செயலாகப் பார்த்துவிட்டு, தொடாமல் மூடிவைத்துவிட்டு என்னிடம் வந்து அழுதாள்.

மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போவோம் என்றேன். "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று தம்பி கேட்கிறான். நான் சொன்னது தவறா?

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

அண்ணாச்சி, அந்தப் பையைப் பற்றிப் படித்ததும் எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனாலும் ஆலோசகர் வேண்டாம் என்பேன். வீட்டுக்குள் தீர வேண்டியதை வெளியாள் முன்னால் விரிக்கக் கூடாது. நம் ஊரில் ஒரு பெண் தாலி கட்டி வந்த அன்றைக்கே புகுந்த வீட்டுச் சாஸ்தா அவளுக்குச் சாஸ்தா ஆகிவிடுகிறார். வந்தவளுக்கு ஆகிற சாமி, எட்டு மாதத்தில் மடியில் வந்த பிள்ளைக்கு ஆகமாட்டாரா? இதைச் சொல்ல மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஆள் எதற்கு?

ஆச்சி வயதான காலத்தில் ஏதோ உளறிவிட்டாள் என்று சொல்லி இப்போதைக்கு மூடிவிடுங்கள். பதினெட்டு வயது ஆகட்டும், பக்குவமாகச் சொல்லலாம். பெண் பிள்ளை. ஆலோசகர் வீட்டு வாசலில் பார்த்தார்கள் என்றால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் அதையும் கிளறுவார்கள்.

பாளையங்கோட்டை, குழந்தைகள் இல்லத்தில் இருபது வருடம் எழுதியது:

களக்காட்டுத் தம்பி, சாஸ்தாவைப் பற்றி நீங்கள் சொன்னதை என் டைரியில் குறித்துக்கொண்டேன். அவ்வளவு நல்ல பதில். ஆனால் அந்தப் பதிலை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால் முதலில் தத்தெடுத்ததைச் சொல்ல வேண்டும். ஆச்சி உளறினாள் என்றால் அந்தப் பதிலைச் சொல்லவே வழியில்லை. அதோடு, பதினோரு வயதுப் பிள்ளைக்குப் பொய் தெரியும். எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால், நான் பிறந்தது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

தத்தெடுத்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வயதிலேயே, தூங்க வைக்கும் கதையோடு கதையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நாங்கள் பெற்றோருக்குச் சொல்வது. நீ வந்த அன்று மழை பெய்தது, இந்தச் சட்டைதான் போட்டிருந்தாய் என்று. அந்தச் சட்டை, முதல் படம், வந்த தேதி எல்லாவற்றையும் ஒட்டி ஒரு நோட்டு செய்யச் சொல்வோம். அதற்கு வாழ்க்கைக் கதைப் புத்தகம் என்று பெயர். அண்ணாச்சி வீட்டில் அந்தக் காலம் தாண்டிவிட்டது. அதனால்தான் துணை தேவைப்படுகிறது.

ஆலோசகர் என்ன செய்வார் என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். நல்ல ஆலோசகர் முதலில் பிள்ளையைக் கூப்பிடமாட்டார். தாய் தகப்பனைக் கூப்பிடுவார். அவர்களுடைய பயம் என்ன, பிள்ளை இல்லாத வருத்தம் ஆறியிருக்கிறதா, "என்னைப் பெற்றவள் யார்?" என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வார்கள் என்று பார்ப்பார். பிறகுதான் பிள்ளை. அதுவும் கேள்வியாகக் கேட்காமல், படம் வரையச் சொல்லி, பொம்மை வைத்து வீடு கட்டச் சொல்லி.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன், வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் வைத்து வளர்க்கிற முறையில், ஒரு குடும்பத்துக்குப் போனான். போன இடத்தில் தினமும் இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தான். அந்த அம்மாவுக்குத் திருட்டுப் பிள்ளையோ என்று சந்தேகம். ஆலோசகர் திட்ட வேண்டாம் என்றார். ஒரு சம்படத்தில் முறுக்கும் கடலை மிட்டாயும் போட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், அது அவனுடையது, காலியானால் கேட்காமல் நிரப்புங்கள் என்றார். முதல் வாரம் தினம் காலியானது. இரண்டாவது மாதம் சம்படத்தில் எறும்பு வந்தது. நாளைக்கும் சாப்பாடு உண்டு என்று அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணாச்சி, உங்கள் வீட்டுப் பை அந்த இட்லி மாதிரிதான். அதைப் பிடுங்காமல் மூடி வைத்தாளே உங்கள் தம்பி மனைவி, அவளைப் பாராட்டுங்கள்.

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

அம்மா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் பேசுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் நானும் பட்டுத்தான் பேசுகிறேன்.

எங்கள் அண்ணன் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பெண்கள் மேல் நாட்டம் இல்லை, ஒரு பையனைத்தான் பிடித்திருக்கிறது என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். வீடே இடிந்தது. நகரத்தில் ஒரு ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஆறு தடவை. உள்ளே அவன் அழுது சொன்னதையெல்லாம் அந்த மனிதர் வெளியே வந்து அண்ணனிடம் ஒப்பித்தார். எந்தப் பையன், எங்கே சந்தித்தான் என்பது வரைக்கும். ஏழாவது தடவைக்கு முந்தின நாள் இரவு பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். மூன்று வருடம் ஆகிறது. ஆலோசனை என்றால் எனக்கு அவன் விட்டுப்போன செருப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளை எழுதியது:

அண்ணாச்சிகளே, இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் தத்துப்பிள்ளை. தன்பால் ஈர்ப்பாளனும் நான்தான். வயது முப்பத்து நான்கு.

பதினைந்து வயதில் அப்பாவின் தகரப் பெட்டியில் தத்துப் பத்திரத்தைப் பார்த்தேன். படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன். பதினேழு வயதில் எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று புரிந்தது. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது நானே ஒரு ஆலோசகரைத் தேடிப் போனேன். பெற்ற தாயின் பாசம் கிடைக்காததால்தான் உனக்கு இப்படி, ஒரு கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்றார். அது முழுப் பொய். யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பதற்கும் யார் பெற்றார்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் அந்த வயதில் நான் நம்பினேன். அம்மா என்னைச் சரியாக வளர்க்கவில்லையோ என்று அவர் மேலேயே கோபப்பட்டேன். மில் ஷிப்டுக்குப் போகிற அப்பாவுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறு கட்டி, எனக்குத் தலை துவட்டிவிட்ட அம்மாமேல். அந்தப் பாவத்தை அந்த ஆலோசகர்தான் என் தலையில் ஏற்றினார்.

இருபத்தாறு வயதில் மதுரையில் இன்னொருவரிடம் போனேன். அவர் என்னை மாற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாவது தடவை, "வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். "திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. சம்பாதிக்கிற இருபத்தாறு வயது ஆளை எங்கே திருப்பி அனுப்புவார்கள்? ஆனால் அந்தப் பயம் எட்டு மாதக் குழந்தைக்கும் உண்டு, தாடி வைத்தவனுக்கும் உண்டு. ஒருமுறை கை மாறியவனுக்கு, ஏதாவது குறை தெரிந்தால் மறுபடியும் கை மாற்றிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் என் போன்றவர்களுக்கு உண்மையைச் சொல்வது இரட்டைப் பாரம். முக்கூடல் அண்ணாச்சி, உங்கள் வீட்டுப் பிள்ளையின் பையில் இருப்பது அதுதான்.

பிறகு அந்த ஆலோசகர் என் சம்மதம் கேட்டு அம்மாவை வரவழைத்தார். அம்மா சொன்னது: "பெற்றவளாக இருந்தால் அவனை இரண்டு அடி அடித்திருப்பேன். பெறாததால் திட்டக்கூடப் பயந்து பயந்து வளர்த்தேன்." ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருபத்தைந்து வருடம் ஒருவரை ஒருவர் இழந்துவிடுவோம் என்று பயந்து கொண்டிருந்திருக்கிறோம். அப்பா இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் நான் ஊருக்கு வருகிற அன்று விடியற்காலையிலேயே மீன் வாங்கப் போய்விடுகிறார்.

களக்காட்டு அண்ணாச்சி, உங்கள் அண்ணன் மகனிடம் அந்த ஆள் செய்தது ஆலோசனை இல்லை, காட்டிக்கொடுப்பது.

வண்ணார்பேட்டை வழக்கறிஞர் குமாஸ்தா எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துவிடுகிறேன், பேச்சுக்கு உதவும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை பெறுபவர் சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையனின் பேச்சைத் தகப்பனிடம் ஒப்பித்தது அதற்கு நேர் எதிர். ஊர் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டவும் அந்தச் சட்டம் விடவில்லை. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990லேயே எடுத்துவிட்டது. அதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவுக்குச் செல்லாததாக்கியது.

எனக்கு அதிகம் பிடித்தது 2021 ஜூன் 7 அன்று வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். அத்தோடு, இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதுமுன் தானும் ஒரு உளவியல் நிபுணர் முன்னால் உட்கார்ந்தார். மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்கிற சிகிச்சைக்கு அந்தத் தீர்ப்பில் தடை விதித்தார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

ஆலங்குளம், பீடிக்கடை எழுதியது:

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் நாளெல்லாம் பீடி சுற்றுகிறேன். செத்துப்போன என் தங்கையின் மகனை நான்தான் வளர்க்கிறேன். ஆலோசகரிடம் போனால் அன்றைய கூலி போகும், பஸ் செலவு போகும், உள்ளே போனால் அவர்கள் பேசுவது புரியாது. எங்களை மாதிரி ஆட்களுக்கு இது எட்டுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாளையங்கோட்டை, குழந்தைகள் இல்லத்தில் இருபது வருடம் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விதான் இங்கே பெரிய கேள்வி. எட்டாமல்தான் கிடக்கிறது, அதில் எனக்கும் கோபம் உண்டு. இருப்பதைச் சொல்கிறேன். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு தொலைபேசி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பீடி சுற்றிக்கொண்டே பேசலாம். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆபத்து என்றால் 1098. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்க்கிறீர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்கள், ஆலோசனையையும் அங்கே கேளுங்கள். பேசுவது புரியவில்லை என்றால் புரியும்படி சொல் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

நேற்றிலிருந்து விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி எழுதியதை நான்கு தடவை படித்துவிட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆலோசகரிடம் "இவனை மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டது நாங்கள்தான். உள்ளே அவன் என்ன சொன்னான் என்று துருவித் துருவிக் கேட்டதும் நாங்கள்தான். அவர் சொல்லியிருக்கக் கூடாது, நாங்கள் கேட்டிருக்கவும் கூடாது.

ஆனால் பதினோரு வயதுப் பெண்ணிடம் இப்போதே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. சொன்ன பிறகு அவள் பெற்றவளைத் தேடினால்?

பாளையங்கோட்டை, குழந்தைகள் இல்லத்தில் இருபது வருடம் எழுதியது:

தேடட்டும். வேரைத் தேடுவதற்கு விதிமுறையிலேயே இடம் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குமேல் அவளே விண்ணப்பிக்கலாம், அதுவரை பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். பெற்றவளின் ரகசியத்தையும் அது காக்கிறது. தேடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேடினார்கள் என்பதற்காக வளர்த்தவளை விட்டுப் போனவர்களை நான் பார்க்கவில்லை.

முக்கூடல் மளிகைக்கடைக்காரர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தம்பி இதையெல்லாம் படித்தான். யாரிடமும் சொல்லாமல் அவனே 14416க்குப் பேசியிருக்கிறான், பாதி ராத்திரியில் மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு. பிறகு பாளையில் ஒரு ஆலோசகரிடம் அவனும் அவன் மனைவியும் மட்டும் இரண்டு தடவை போனார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் சொன்னார்கள். அழவில்லை. "அப்படியானால் எனக்கு எந்தச் சாஸ்தா?" என்று கேட்டாள். களக்காட்டுத் தம்பி சொன்னதைத்தான் என் தம்பி அப்படியே சொன்னான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மா வந்த மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றான்.

ஒரு பாவாடை அலமாரிக்கு வந்துவிட்டது. இன்னொன்று பையிலேயே இருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

சந்தோஷம் அண்ணாச்சி. விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி, அண்ணன் மகனின் எண் அவன் கூட்டாளி ஒருவனிடம் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து முதலில் என்ன எழுதுவது? மன்னிப்புக் கேட்டு எழுதினால் பதில் போடுவானா?

விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளை எழுதியது:

மன்னிப்பை முதல் வரியில் கேட்டுவிடுங்கள், நீட்ட வேண்டாம். எப்போது வருவாய் என்று கேட்காதீர்கள், யாரோடு இருக்கிறாய் என்றும் கேட்காதீர்கள். எங்கே சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். தோட்டத்தில் தார் வெட்டியாகிவிட்டதா, அவன் வைத்த கன்று எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொன்று எழுதுங்கள் அண்ணாச்சி.