புதுப்பிப்பு: இரு கலவைகளில் வார்த்த தொழுவத் தளம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாட்டுத் தொழுவத்தின் 20 சதுர மீட்டர் தளத்தை, கீழே 75 மில்லிமீட்டர் 1:3:6 கலவையும் மேலே 25 மில்லிமீட்டர் 1:1.5:3 கலவையுமாக (சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம்) வார்க்கலாமா என்று சென்ற பதிவில் கேட்டிருந்தேன். வார்த்து முடித்தாயிற்று. முழுவதையும் சிமெண்ட் செறிவான மேற்கலவையில் போட்டால் கனமீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ வீதம் 16 மூட்டை சிமெண்ட் ஆகியிருக்கும். 11 மூட்டையில் முடிந்தது. குளம்பும் கோமியமும் படுவது மேற்பரப்பில்தான் என்பதால், சிமெண்டும் அங்கேதான் தேவைப்படுகிறது.

ஆனால் ஒரு பகுதியில் தவறிவிட்டேன். கீழடுக்கைப் போட்டபின் எல்லோரும் சாப்பிடப் போய், இரண்டரை மணி நேரம் கழித்து மேலடுக்கைப் போட்டோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று (அதை நான் மறந்தது வெட்கக்கேடு) அதற்குள் பரப்பை உலர்த்திவிட, இரண்டும் ஒட்டவில்லை. இன்று சுத்தியலால் தட்டினால் அந்த மூலை மட்டும் பொள்ளலாக ஒலிக்கிறது. கீழடுக்கு இறுகத் தொடங்குமுன் மேலடுக்கைப் போட்ட மற்ற பகுதிகளில் அச்சிக்கல் இல்லை. கீழ்க்கலவையில் தண்ணீரைக் குறைத்ததால் மேலடுக்கு அதனுள் அமிழவுமில்லை. செறிந்த கலவை கூடுதலாகச் சுருங்கும் என்பதால், ஈரச்சாக்கு போர்த்திப் பத்து நாள் நீராற்றினோம்.

லிண்டலுக்கும் (கதவு, சன்னலின் மேல் வரும் உத்தரம்) இம்முறை ஆகுமா என்று கேட்டவருக்கு: கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு, இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456:2000 குறைந்தது எம் 20 என்ற வலிமைத் தரம் கேட்கிறது. அதைவிட வலுக்குறைந்த 1:3:6 கலவையை அங்கே கொண்டுபோகாதீர்கள். பொள்ளல் மூலையை வரும் வாரம் பெயர்த்து மீண்டும் வார்க்கிறோம்.