நூமெனோர் 'கொலோசல் டார்க்னஸ்': இதை எப்படிக் கேட்பது?

தங்கச்சிமடம்_தென்கடல்:

எல்லோருக்கும் வணக்கம். செர்பியாவில் பெல்கிரேடைச் சேர்ந்த நூமெனோர் என்ற குழு 2013-இல் போட்ட 'கொலோசல் டார்க்னஸ்' ஆல்பத்தைத் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீன்பிடிப் படகு கரையில் கிடக்கிறது, வலை பழுது பார்க்கிற வேலைதான், காதுக்கு நேரம் நிறைய இருக்கிறது. சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல் (வேகமான டிரம்ஸ், கரகரத்த குரலோடு ஆர்கெஸ்ட்ரா மாதிரி கீபோர்டும் சேர்கிற ராக் இசை) என்ற வகையில் நான் முழுதாகக் கேட்கிற முதல் ஆல்பம் இதுதான்.

பாட்டு மெதுவாகப் போகிற இடமெல்லாம் தெளிவாக இருக்கிறது, கீபோர்டு பின்னால் பெரிதாக எழும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் டிரம்ஸ் வேகம் பிடித்ததும் கிட்டார், கீபோர்டு, குரல் மூன்றும் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடுகிறது, மெட்டு எங்கே போனதென்றே பிடிபடவில்லை. ரெக்கார்டிங்கே அப்படித்தானா, இல்லை நான் கேட்கிற விதம் சரியில்லையா? போனில்தான் கேட்கிறேன், பாதி நேரம் ஸ்பீக்கரில்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். நார்வேயில் இந்த மாதிரி இசைக்காரர்கள் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள் என்று தம்பி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். அம்மா கோபப்படவில்லை, "அப்படிப்பட்டவங்க பாட்டாப்பா இது?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு விவரமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_கீபோர்டு:

தம்பி, முதலில் போன் ஸ்பீக்கரை விடுங்கள், இந்த இசைக்கு அது ஆகவே ஆகாது. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், ஸ்ட்ரிங்ஸ், கரகரக்கும் குரல் மூன்றும் ஏறக்குறைய ஒரே நடு ஸ்தாயியில் அடைத்துக்கொண்டு நிற்கும். கீழே ஓடுகிற பேஸ் கிட்டாரும் பேஸ் டிரம்மும் கேட்டால்தான் மேலே இருப்பது பிரியும், போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ப்பகுதி வரவே வராது. அப்புறம் சிக்னல். நம் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் செயலி தானாகவே தரத்தைக் குறைத்துவிடும். ஸ்பாட்டிஃபையில் மிகக் குறைந்த தரம் நொடிக்குச் சுமார் 24 கிலோபிட், 'வெரி ஹை' என்கிற தரம் 320. ஒரு குரலும் ஒரு வீணையும் மட்டும் என்றால் குறைந்த தரத்திலும் ஓரளவு சமாளிக்கலாம், சிம்பல் ஓயாமல் அடிக்கிற இசை கொழகொழத்துப் போய்விடும். வைஃபை இருக்கிற இடத்தில் உயர்ந்த தரத்தில் டவுன்லோட் செய்து, வயர் வைத்த ஹெட்போனில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி காதைப் பழக்குவது. நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன், இந்த மாவட்டத்தில் கல்யாணம், திருவிழா என்று மேடைக்குக் குறைவில்லை, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வேகமான இடத்தில் தாளத்தைப் பின்தொடரப் பார்க்காதீர்கள். பேஸ் டிரம்மும் ஸ்னேரும் இடைவெளியே இல்லாமல் மாறி மாறி விழுகிற அந்த அடிக்கு பிளாஸ்ட் பீட் என்று பெயர். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவார்களே, அப்போது யாராவது தவில் அடியை எண்ணுவார்களா? அப்படியே விட்டுவிட்டு மேலே நகர்கிற மெட்டைப் பிடியுங்கள். கிட்டாரும் அப்படித்தான். பிக் மேலும் கீழும் விறுவிறுவென்று ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் ஸ்வரம் மாறுவது நாலு அடிக்கோ எட்டு அடிக்கோ ஒருமுறைதான். கை துரித காலத்தில் ஓடும், மெட்டு விளம்ப காலத்தில் போகும். இது ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் இரைச்சலாகத் தெரியாது.

சிலிர்க்கிறது என்றீர்களே, அதற்கும் காரணம் உண்டு. சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காது, ஏ மைனர் கார்டுக்குப் (ஒன்றாகச் சேர்த்து வாசிக்கும் மூன்று ஸ்வரம்தான் கார்டு) பிறகு எஃப் மேஜரோ ஜி மேஜரோ வரும் என்று எதிர்பார்க்கும். இந்தப் பாணியில் ஏ மைனரிலிருந்து நேராக சி மைனருக்குத் தாவுவது சர்வ சாதாரணம். இரண்டு கார்டுக்கும் பொதுவான ஸ்வரம் சி ஒன்றுதான், மற்றவை எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். வீட்டிலோ நண்பரிடமோ கீபோர்டு இருந்தால் இடது கையில் சி-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இந்த இரண்டு கார்டையும் ஸ்ட்ரிங்ஸ் டோனில் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள், நான் என்ன சொல்கிறேன் என்று உடனே புரியும். ஸ்கேல் என்று பார்த்தால் இந்த வகையில் பெரும்பாலும் நம் நடபைரவி ராகம், கொஞ்சம் அழுத்தம் வேண்டிய இடத்தில் கீரவாணி. அதனால்தான் குரல் எவ்வளவு அந்நியமாக இருந்தாலும் மெட்டு நமக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

தொண்டி_ஷார்ஜா:

அம்மா கேட்டது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் தம்பி படித்தது உண்மை. 1992 ஜூன் 6 அன்று நார்வேயின் பெர்கன் நகரில் ஃபான்டாஃப்ட் தேவாலயம் எரிக்கப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக் கட்டடம் அது. பிறகு அதே வடிவில் திரும்பக் கட்டி 1997-இல் முடித்தார்கள். தொடர்ந்து வேறு சில தேவாலயங்களும் எரிந்தன, இந்த இசையில் இருந்த சிலர் சிறைக்கும் போனார்கள். கீபோர்டை பிளாக் மெட்டலுக்குள் முழுமையாகக் கொண்டுவந்த ஆல்பங்களில் முதலில் சொல்லப்படுவது நார்வேயின் எம்பரர் குழுவின் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்', 1994. அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் தேவாலயம் எரித்த வழக்கிலும் டிரம்மர் கொலை வழக்கிலும் தண்டனை பெற்றவர்கள். இசை பெரிது என்பதற்காக இதை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் நூமெனோர் 2009-இல் வேறொரு நாட்டில் தொடங்கிய குழு, அவர்கள் பாடுவது வாளும் மந்திரமும் கடலும் மலையுமாகக் கற்பனை உலகக் கதைகள். பெயரே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுத்தாளர் டோல்கீன் எழுதிய தீவுராஜ்யத்தின் பெயர்தான். சாவே வராமல் வாழ ஆசைப்பட்டு, தெய்வங்களின் நிலத்தின் மீது படையெடுத்த அரசனால் அந்தத் தீவு மொத்தமும் கடலுக்குள் போகிறது, ஒன்பது கப்பலில் ஏறிய சிலர் மட்டும் தப்புகிறார்கள். அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இதில் கேட்பது நிஜ ஆர்கெஸ்ட்ராவா என்று அடுத்து கேட்பீர்கள். நார்வேயின் டிம்மு போர்கிர் குழு 2003 ஆல்பத்துக்கு பிராக் நகரத்து ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையே வைத்து வாசிக்க வைத்தார்கள், பெரிய கம்பெனி பின்னால் இருந்தது, முடிந்தது. இந்த வகையில் மற்ற குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு கீபோர்டும் கம்ப்யூட்டரும்தான். அதைக் குறையாக நினைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பாம்பன்_வாடைக்காற்று:

எனக்குக் கீபோர்டு அதிகமானால் பிடிப்பதில்லை, கிட்டாரின் கூர்மை மழுங்கிவிடுகிறது. அதே பெல்கிரேடில் த ஸ்டோன் என்று ஒரு குழு இருக்கிறது, முன்பு ஸ்டோன் டு ஃப்ளெஷ் என்ற பெயரில் இருந்தவர்கள். செர்பிய மொழியிலேயே பாடுவார்கள், அலங்காரம் இல்லாத நேரடி பிளாக் மெட்டல். நூமெனோருக்குப் பக்கத்தில் வைத்து அதையும் கேட்டால், கீபோர்டு எதைச் சேர்க்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கீழக்கரை_கீபோர்டு:

@பாம்பன்_வாடைக்காற்று மழுங்குவது மிக்ஸிங்கில் கிட்டாரைப் பின்னால் தள்ளினால்தான் அண்ணே. நல்ல மிக்ஸில் கீபோர்டு நீளமான ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளும், கிட்டார் அதற்குள் புகுந்து அரிக்கும், இரண்டும் வேண்டும். எம்பரர் ஆல்பத்தில் கீபோர்டை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டுக்கு மெட்டே இருக்காது.

மண்டபம்_பழையஆள்:

கடலில் அழிந்த ஊர் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் அப்பா வழிச் சொந்தங்கள் தனுஷ்கோடிக்காரர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது, ஊரும் போனது. சர்ச்சின் சுவரும் ஸ்டேஷனின் மிச்சமும் இன்றும் நிற்கின்றன, எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையை எழுதிய டோல்கீனுக்கே பெரிய அலை எழுந்து நிலத்தை மூடுவதாகச் சிறு வயதிலிருந்து கனவு வந்துகொண்டிருந்ததாம், அதைத் தன் கதாபாத்திரம் ஒருவனுக்கும் கொடுத்திருக்கிறார். செர்பியாவுக்குக் கடலே கிடையாது, 2006-இல் மாண்டினீக்ரோ பிரிந்துபோனபோது இருந்த கரையும் போய்விட்டது. அந்த நாட்டுப் பையன்கள் மூழ்கிப்போன தீவின் பெயரை வைத்துக்கொண்டு வாசிப்பதை என் மகன் போட்டுக் காட்டினான். இதில் அரசனும் படையும்தான் மூழ்குவார்கள், மறுநாள் கரையில் ஆளைத் தேடி அலைந்தவர்கள் இருக்க மாட்டார்கள், அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனாலும் கடல் எழுந்தால் எவ்வளவு பெரிதாக எழும் என்பதை இந்தச் சத்தத்தின் அளவு சரியாகச் சொல்கிறது. சின்னச் சத்தத்தில் அதைச் சொல்லிவிட முடியாது. தம்பி, நல்ல ஸ்பீக்கர் வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வாங்க, மகன் வைத்திருக்கிறான்.

தங்கச்சிமடம்_தென்கடல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, கீழக்கரை காக்காவுக்குக் கூடுதல் நன்றி. ஹெட்போனில் கேட்டேன். வேகமான இடத்தில் டிரம்ஸை விட்டுவிட்டுக் கீபோர்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கிட்டார் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அம்மாவிடம் நார்வே விஷயத்தையும் தீவுக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். "எரிச்சது பாவம், பாடுறது பாவமில்ல, ராத்திரி சத்தத்தைக் குறைச்சு வை" என்றார். மண்டபம் ஐயா, ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், மகனிடம் சொல்லி வையுங்கள். இந்தக் குழுவிலேயே அடுத்து எதைக் கேட்கலாம்?

தொண்டி_ஷார்ஜா:

வரிசையாகவே போங்கள். 2015-இல் 'சோர்ட் அண்ட் சோர்சரி', 2017-இல் 'க்ரானிக்கிள்ஸ் ஃப்ரம் த ரெல்ம்ஸ் பியாண்ட்', 2019-இல் 'டிராகோனியன் ஏஜ்'. போகப் போக பவர் மெட்டல் (மெட்டு முன்னால் நிற்கிற மெட்டல் வகை) பக்கம் சாய்ந்து, தெளிவாகப் பாடுகிற குரல் கூடிக்கொண்டே வரும். கரகரப்புத்தான் பிடித்திருக்கிறது என்றால் முதல் ஆல்பத்திலிருந்து எம்பரருக்குப் போய்விட்டு அப்புறம் இவற்றுக்குத் திரும்புங்கள்.