ஹவுசிங் வாடகை ரிவியூ: உங்களுக்கு என்ன நடந்தது?

வடலி:
நாங்கள் கனடாவில, ஒன்ராறியோவில சலுகை வாடகை ஹவுசிங்கில இருக்கிறம், வீட்டு வருமானத்தில 30% தான் வாடகை. வருசா வருசம் வருமானத்தைப் பாத்து அதைத் திரும்பக் கணக்குப் போடுறதுதான் ரிவியூ. மகன் கொலிஜ் முடிச்சு வேர்ஹவுஸ் வேலைக்குப் போறான். படிக்கேக்க அவன்ர பார்ட் டைம் காசு வாடகைக் கணக்கில சேரேல்ல, முழுநேர மாணவர் வருமானத்தைப் பாக்க மாட்டினம் எல்லோ. இந்தமுறை கடிதத்தில அவன்ர வருமானத்திலயும் 30% சேந்து வந்திட்டுது. கடிதத்தை மேசையில விரிச்சு வச்சு வாசிச்சிட்டு, "அம்மா, நான் இருக்கிறதாலதான் கூடுதெண்டால் நான் வேற இடம் பாக்கிறன்" எண்டான். கோவமே இல்லாமல் சொன்னான், அதுதான் எனக்கு இன்னும் மனசில கிடந்து அரிக்குது. கூட உழைச்சால் கூடக் கட்டத்தான் வேணும், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா வேலை தொடங்கின பிள்ளைக்கு ஒரு ரெண்டு வருசமாவது மூச்சுவிட விடலாம்தானே.

பனங்கூடல்:
அக்கா கோவிக்காதேங்கோ. நாங்கள் தனியார் பேஸ்மென்ற்றில இருக்கிறம், ரெண்டுபேரும் உழைச்சும் பாதிக்குமேல வாடகைக்கே போகுது. மூத்தவள் பள்ளிக்கூடம் தொடங்கேக்க ஹவுசிங் வெயிற்றிங் லிஸ்ற்றில பேர் குடுத்தது, இப்ப அவள் யூனிவர்சிற்றி. போன மாசம் கவுண்டரில கேக்க, அந்தப் பிள்ளை ஸ்கிரீனை என்ர பக்கம் திருப்பிக் காட்டிச்சுது, எங்கட பேர் இன்னும் எவ்வளவு கீழ கிடக்கெண்டு. ஒண்டும் கதைக்காமல் வந்திட்டன். 30% எண்டது எங்களுக்குக் கனவு. உங்கட மகன் கட்டிற காசிலதான் அந்தக் கட்டிடத்திண்ட லிஃப்ற்றும் ஹீற்றிங்கும் ஓடுது, அதையும் யோசியுங்கோ.

நெய்தல்:
ரெண்டுபேரும் உழைக்கிற ஆக்கள், உங்களுக்குள்ள ஏன் சண்டை. நான் ஹவுசிங் ஒஃபீசில வயசுபோன ஆக்களுக்கு மொழிபெயர்க்கப் போறனான். ஒரு ஐயா, மனுசி செத்தாப்பிறகு தனிய இருக்கிறவர், வந்த கடிதம் எல்லாத்தையும் ஷொப்பிங் பையில போட்டுக் கொண்டுவந்து கவுண்டரில கொட்டினவர். ஒரு கவரும் உடைச்சுப் பாக்கேல்ல. "தம்பி இதில எது முக்கியம்?" எண்டு கேட்டார். ரிவியூ பேப்பர் திருப்பி அனுப்பாட்டி சலுகை போயிடும், முழு வாடகை விழும், பிறகு நிலுவை, பிறகு வெளியேத்தல். ரொறன்ரோவில 2009இல அல் கோஸ்லிங் எண்ட 80 தாண்டின மனுசனுக்கு இதுதானே நடந்தது, படிக்கட்டில படுத்து, ஷெல்ரருக்குப் போய், நோய் வந்து செத்தவர். அதுக்குப்பிறகு முன்னாள் நீதிபதி லெசாஜ் அதை விசாரிச்சு 2010இல அறிக்கை குடுத்து, 2014இலதான் முதியோரை வெளியேத்த முதல் விசாரிக்கிறதுக்கெண்டு தனி ஆணையாளர் அலுவலகம் வந்தது. நியாயமான வாடகை எண்டால் வீதம் மட்டுமில்லை, கதவைத் தட்டி "ஐயா பேப்பர் வரேல்லை" எண்டு ஒராள் சொல்றதும்தான்.

கருவாலி:
எனக்கு ஷிஃப்ற் குறைச்சவங்கள், வாடகை பழையபடியே நிண்டுது. ஏனெண்டால் போன வருச ரக்ஸ் பேப்பரை வச்சுத்தான் கணக்கு. ஒன்ராறியோவில 2021இல புது முறை வந்தாப்பிறகு வருசத்துக்கு ஒருக்காத்தான் ரிவியூ, இடையில சம்பளம் கூடினாலும் அடுத்த ரிவியூ வரைக்கும் வாடகை கூடாது, முந்தி ஓவர்ரைம் செய்தாலே பயம், அது இல்லாமல் போனது நல்லது. ஆனா குறைஞ்சால் நீங்கள்தான் போய்ச் சொல்லோணும், அதுவும் 20% எண்டாலும் குறைஞ்சிருக்கோணும். எனக்கு அது விளங்கினது பக்கத்துவீட்டு அன்ரி சொல்லித்தான், பே ஸ்லிப்போட போனன், குறைச்சவை.

வடலி அக்கா, நீங்கள் கேக்காட்டிலும் சொல்றன். மகனை உடன அனுப்பாதேங்கோ. அவன் திரும்ப முழுநேரம் படிக்கப் போனால் அவன்ர வருமானம் கணக்கில வராது, எழுத்தில அறிவியுங்கோ. வருமானம் இல்லாட்டிலும் எல்லாரும் நேரத்துக்கு ரக்ஸ் செய்யுங்கோ. குழந்தைக் கொடுப்பனவை வருமானமாப் பாக்க மாட்டினம், அதைச் சேத்து எழுதாதேங்கோ. என்ன குடுத்தாலும் கொப்பி எடுத்து, திகதி முத்திரை குத்தி வாங்குங்கோ. கணக்குப் பிழையெண்டு பட்டால் மறுபரிசீலனை கேக்க உரிமை இருக்கு, கடிதத்திலயே கடைசித் திகதி போட்டிருக்கும், அதைத் தவறவிடாதேங்கோ.

பனங்கூடல், லிஸ்ற் நீளுறதுக்கு வடலி அக்கா என்ன செய்வா? வீடு கட்டாததுக்குக் கவுன்சிலரைக் கேளுங்கோ, நானும் வாறன்.