ஐசி மாற்றியதும் வால்யூமைத் திருப்பினால் கரகர

ராகப்பிரியன்:
வணக்கம். நானே செய்த ப்ரீ-ஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் வரும் பெட்டி). 100கே (கிலோஓம்) வால்யூம் கண்ட்ரோல், அதற்குப் பின்னால் டிஎல்072 ஆம்ப் ஐசி, சப்ளை ±15 வோல்ட். இன்னும் சுத்தமாகப் பாடட்டும் என்று ஐசியைப் பிடுங்கி என்இ5532 செருகினேன். பாட்டு வருகிறது. ஆனால் வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் முறத்தில் மணல் புடைக்கிற மாதிரிச் சத்தம். ஐசியும் லேசாகச் சுடுகிறது. போலி ஐசியா?

கம்பிச்சுருள்:
கண்ட்ரோலில் தூசி. காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

ராகப்பிரியன்:
அடித்தாயிற்று, போகவில்லை. பழைய ஐசியை வைத்தால் கரகர இல்லை.

பழைய சால்டர்:
அப்படியென்றால் கண்ட்ரோல் மேல் தப்பில்லை. பவர் ஆம்ப்பைக் கழற்றிவிட்டு, பாட்டு ஓடாமல், ஐசியின் 3ஆம் பின்னுக்கும் (உள்ளீடு) கிரவுண்டுக்கும் நடுவே டிசி அளந்து சொல்லுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் ஒரு தடவை, முழுசாக வைத்து ஒரு தடவை. சூட்டுக்குப் பயப்படாதீர்கள். 5532 சும்மா இருந்தாலே 8 மில்லிஆம்ப் இழுக்கும். 30 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட கால் வாட்.

ராகப்பிரியன்:
பூஜ்யத்தில் 0. முழுசில் -19 மில்லிவோல்ட்.

பழைய சால்டர்:
பிடிபட்டது. 5532-இன் உள்ளீடு சுமார் 200 நானோஆம்ப் இழுக்கும். அது 100கே வழியாக வந்தால் 20 மில்லிவோல்ட். நீங்கள் திருப்பத் திருப்ப அந்த டிசி ஏறி இறங்குகிறது. கண்ட்ரோலின் கரித்தடத்தில் வைப்பர் (உள்ளே நகரும் முனை) தடுக்கும் ஒவ்வொரு இடமும் காதில் விழுகிறது. டிஎல்072 உள்ளீட்டில் எஃப்இடி டிரான்சிஸ்டர் உள்ள ஐசி, இழுப்பது பைக்கோஆம்ப் (நானோவில் ஆயிரத்தில் ஒன்று) கணக்குதான், அதனால் இதுவரை தெரியவில்லை.

ஓபிஏ2134 செருகினால் வேலை முடிந்தது, அதுவும் எஃப்இடி. நானாக இருந்தால் 5532-ஐ விட்டுவிட்டு 10கே கண்ட்ரோல் போடுவேன். 100கே பாதியில் நிற்கும்போது அதன் சொந்த இரைச்சலே 5532-ஐப் போல நாலு மடங்கு. நல்ல ஐசிக்குக் கொடுத்த காசு அங்கேயே கரைந்துவிடுகிறது. சிடி ப்ளேயர் 10கே-ஐத் தாராளமாகத் தாங்கும். வால்வு செட்டு என்றால் யோசிக்க வேண்டும்.

ராகப்பிரியன்:
அண்ணா, 10கே போட்டேன். கரகர போயே போச்சு! ஆனால் மிருதங்கத்தில் தொப்பியை (இடப்பக்கக் கனத்த ஒலி) காணோம், வலந்தலை மட்டும் கேட்கிறது.

கம்பிச்சுருள்:
கண்ட்ரோலுக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் எவ்வளவு?

ராகப்பிரியன்:
0.22 மைக்ரோ.

கம்பிச்சுருள்:
அதுதான் முழுங்குகிறது. 100கே இருந்தவரை 7 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டியது, இப்போது 72-இலேயே வெட்டத் தொடங்கிவிடும். 2.2 மைக்ரோ ஃபிலிம் போடுங்கள். தூசி என்று சொன்னதற்கு இதோடு சரியாகிவிட்டது.

பழைய சால்டர்:
முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் மறதி. பெட்டியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், ஐசியின் சப்ளை பின்களான 4-க்கும் 8-க்கும் நடுவே 0.1 மைக்ரோ செராமிக் ஒன்றை ஒட்டினாற்போல் வைத்துவிடுங்கள்.

ராகப்பிரியன்:
இரண்டும் போட்டாச்சு. தொப்பி வந்துவிட்டது. புதுக் கண்டென்சர் குண்டாக இருப்பதால் மூடிதான் மூட மாட்டேன் என்கிறது.